குவாவார்: மறைத்ததால் தெரிந்த உலகம்

எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் ஊருக்கு வெளியே ஒரு செல்போன் கோபுரம் தெரியும். அதன் உச்சியில் ஒரு சிவப்பு விளக்கு. போன கோடையில் மின்சாரம் போன ஒரு ராத்திரி, பாய் விரித்துப் படுத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கு சட்டென்று அணைந்தது. இமைப்பதற்குள் மறுபடி எரிந்தது. சற்று நேரம் கழித்து இன்னொரு முறை.

“மாமா, பல்ப் போகப்போகுது” என்றான் பக்கத்தில் படுத்திருந்த அக்கா மகன்.

பல்பு நன்றாகத்தான் இருந்தது. தோப்பில் இலுப்பைப் பூ உதிர்கிற காலம், பழந்தின்னி வௌவால்கள் கூட்டமாக வந்துபோகும். அதில் ஒன்று எங்களுக்கும் விளக்குக்கும் நடுவே பறந்திருக்கிறது. கறுப்பு வானத்தில் கறுப்பு வௌவால் எங்கே தெரியும்? விளக்கை மறைத்ததால் தெரிந்தது.

“எவ்ளோ பெரிய வௌவால் மாமா?”

நல்ல கேள்வி. விளக்கு எவ்வளவு நேரம் அணைந்திருந்தது, வௌவால் எவ்வளவு வேகத்தில் பறந்தது, இரண்டும் தெரிந்தால் பெருக்கிச் சொல்லிவிடலாம். வௌவாலைப் பார்த்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

சூரியனிலிருந்து ஏறக்குறைய 650 கோடி கிலோமீட்டர் தள்ளிச் சுற்றிக்கொண்டிருக்கும் குவாவார் என்ற பனி உலகத்தைப் பற்றி நாம் தெரிந்துகொண்டவற்றில் பெரும்பங்கு இந்த வௌவால் வழியில்தான் வந்தது. அதன் அளவு, அதற்குக் காற்று இல்லை என்பது, அதைச் சுற்றி இரண்டு வளையங்கள் இருப்பது எல்லாமே. அந்த வளையங்கள் இருக்கக்கூடாத இடத்தில் இருக்கின்றன. அதைப் பிறகு சொல்கிறேன்.

அது எங்கே இருக்கிறது

பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம் சுமார் 15 கோடி கிலோமீட்டர். இதை ஒரு வானியல் அலகு என்பார்கள். கோள்களில் கடைசியான நெப்டியூன் 30 அலகு தூரத்தில் இருக்கிறது. அதைத் தாண்டினால், 50 அலகு வரைக்கும் பனியும் பாறையும் கலந்த துண்டுகள் ஏராளமாகச் சுற்றுகிற ஒரு பெரிய பட்டை. இதுதான் கைப்பர் பட்டை. சூரியக் குடும்பம் உருவானபோது கோள்களாகச் சேராமல் மிஞ்சிய சரக்கு அங்கே கிடக்கிறது. புளூட்டோ இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான்.

புளூட்டோவின் பாதை நீள்வட்டம், சாய்வும் அதிகம். சில காலம் நெப்டியூனைவிடச் சூரியனுக்குப் பக்கத்தில்கூட வந்துவிடும். குவாவார் அப்படியில்லை, ஒழுங்கான பிள்ளை. 42 முதல் 45 அலகுக்குள், கிட்டத்தட்ட வட்டமான பாதையில் நிதானமாகப் போகிறது. ஒரு சுற்று முடிக்க 288 ஆண்டுகள் ஆகும். இப்போது நிற்கிற இடத்தில் அது போன முறை நின்றபோது, யுரேனஸ் என்று ஒரு கோள் இருப்பதே யாருக்கும் தெரியாது.

அங்கிருந்து ஒளி இங்கே வர ஆறு மணி நேரம். வெயில் நம் ஊர் வெயிலில் 1,800இல் ஒரு பங்குதான். ஒரேயடியாக இருட்டு என்று நினைத்துவிட வேண்டாம். முழுநிலவு வெளிச்சத்தைப் போல இருநூறு மடங்கு இருக்கும். தாராளமாகப் பேப்பர் படிக்கலாம். குளிர்தான் தாங்காது. பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 230 டிகிரி.

ஒரு புள்ளி நகர்ந்தது

1930இல் கிளைட் டோம்பா புளூட்டோவைக் கண்டுபிடித்த பிறகு அறுபது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பக்கம் புளூட்டோவையும் அதன் துணைக்கோளையும் தவிர வேறெதுவும் அகப்படவில்லை. 1992இல் டேவிட் ஜூவிட், ஜேன் லூ என்ற இருவர் ஹவாயின் மௌனா கியா மலையிலிருந்து ஒரு சிறு பொருளைப் பிடித்தார்கள். அதற்குப் பிறகு அணை உடைந்த மாதிரி வரிசையாக வர ஆரம்பித்தன.

குவாவார் சிக்கியது 2002 ஜூன் 4 அன்று எடுத்த படங்களில். கலிபோர்னியாவின் பாலொமார் மலையில் உள்ள 48 அங்குலத் தொலைநோக்கி எடுத்தவை அவை. கண்டுபிடித்தவர்கள் சாட் ட்ருஹியோவும் மைக் பிரவுனும். முறை பழையதுதான்: வானத்தின் ஒரே இடத்தைக் கொஞ்ச நேரம் இடைவெளி விட்டு மறுபடி மறுபடி படம் எடுக்க வேண்டும். படங்களை மாற்றி மாற்றிப் பார்த்தால் விண்மீன்கள் அசையாமல் நிற்கும். ஏதாவது ஒரு புள்ளி இடம் மாறியிருந்தால் அது நம் குடும்பத்து ஆள். எவ்வளவு மெதுவாக நகர்கிறதோ அவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

புதிதாக ஒன்று கிடைத்தால் வானியலாளர்கள் அடுத்துச் செய்வது பழைய அலமாரியைக் கிளறுவது. பாதையைப் பின்னோக்கிக் கணக்குப் போட்டு, எந்தத் தேதியில் அது எங்கே இருந்திருக்கும் என்று பார்த்து, அந்த இடத்தை அன்றைக்கு யாராவது படம் எடுத்திருக்கிறார்களா என்று தேடுவார்கள். குவாவார் 1954ஆம் ஆண்டுப் புகைப்படத் தட்டிலேயே இருந்தது. அரை நூற்றாண்டாகப் படத்தில் உட்கார்ந்திருந்தும் ஆயிரக்கணக்கான புள்ளிகளுக்கு நடுவே யாரும் அதைக் கவனிக்கவில்லை.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. கைப்பர் பட்டையில் இப்படி அமைதியாகச் சுற்றுபவற்றுக்குப் படைப்புக் கடவுள்களின் பெயர் வைப்பது மரபு. இதே பட்டையில் 20000 என்ற எண் கொண்ட ஒன்றுக்கு வருணா என்று பெயர். குவாவார் என்பது லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியின் ஆதிக்குடிகளான டோங்வா மக்களின் படைப்பு ஆற்றலின் பெயர். கண்டுபிடித்தவர்கள் வேலை பார்த்த கல்விக்கூடம் இருப்பது அந்த மக்களின் மண்ணில். டோங்வா கதையில் குவாவார் ஆடிப் பாடி மற்ற தெய்வங்களை உண்டாக்குகிறது. பிறகு 2006ஆம் ஆண்டு ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படங்களில் இதற்கு ஒரு துணைக்கோள் இருப்பது தெரிந்தபோது, பெயரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை டோங்வா மக்களிடமே விட்டார்கள். அவர்கள் குவாவாரின் மகனான வான தெய்வத்தின் பெயரைக் கொடுத்தார்கள்: வெய்வோட். சிறுகோள் பட்டியலில் குவாவாரின் எண் 50000. வரிசைப்படி தானாக வந்து விழுந்த எண் அல்ல. பெரிய ஆள் என்பதற்காக ஒதுக்கி வைத்துக் கொடுத்த ஃபேன்ஸி நம்பர்.

எருமையும் கன்றுக்குட்டியும்

சரி, எவ்வளவு பெரிது? இங்கேதான் சிக்கல். நம் பார்வையில் குவாவாரின் அகலம் என்ன தெரியுமா? சென்னையில் நின்றுகொண்டு, வேலூரில் ஒருவர் தூக்கிப் பிடித்திருக்கும் ஒரு ரூபாய் நாணயத்தைப் பார்ப்பது போல. ஹபிள் தொலைநோக்கியே தன் சக்தியின் விளிம்பில் நின்று, 1,260 கிலோமீட்டர் இருக்கலாம், 190 முன்பின் ஆகலாம் என்று சொன்னது. புளூட்டோவைத் தாண்டிப் போன நியூ ஹரைசன்ஸ் விண்கலம் 2016இல் 210 கோடி கிலோமீட்டர் தூரத்திலிருந்து படம் எடுத்தது. அதிலும் புள்ளிதான்.

பிரகாசத்தை வைத்து அளவைச் சொல்லலாமே என்று தோன்றும். சொல்ல முடியாது. ராத்திரி நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டியவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். ஹெட்லைட் வெளிச்சத்தில் தூரத்தில் மங்கலாக ஏதோ தெரிகிறது. சின்ன வெள்ளைக் கன்றுக்குட்டியாக இருக்கலாம். பெரிய எருமையாகவும் இருக்கலாம். இரண்டிலிருந்தும் திரும்பி வருகிற வெளிச்சம் ஒன்றாகவே இருக்க வாய்ப்புண்டு. தூரத்துப் பனி உலகங்கள் எல்லாவற்றிலும் இதே குழப்பம்தான்: சிறியதாக வெண்பனி பூத்ததா, பெரியதாகக் கரி படிந்ததா?

ஒரு வழி, வெப்பத்தை அளப்பது. கறுப்புச் சட்டை வெயிலில் அதிகம் சுடும். அதே போல, கரிய உலகம் கொஞ்சம் கூடுதல் வெப்பத்தை வெளிவிடும். விண்வெளியில் இருந்த அகச்சிவப்புத் தொலைநோக்கிகளான ஸ்பிட்சரும் ஹெர்ஷலும் அந்தச் சொற்ப வெப்பத்தைப் பிடித்தன. ஆனால் துல்லியமாகத் தீர்த்துவைத்தது வௌவால் வழிதான்.

நிழலைத் துரத்துவது

குவாவார் நகரும்போது எப்போதாவது ஒரு விண்மீனுக்கு நேர் முன்னால் வரும். அப்போது விண்மீன் மறையும். இதற்கு விண்மீன் மறைப்பு என்று பெயர். விண்மீன்கள் எண்ண முடியாத தூரத்தில் இருப்பதால் அவற்றின் ஒளிக்கதிர்கள் நம்மிடம் வரும்போது இணைகோடுகள் போலத்தான் வரும். அதனால் குவாவாரின் நிழல் விரிவதும் இல்லை, சுருங்குவதும் இல்லை. அதன் அகலம் எவ்வளவோ அதே அகலத்தில் பூமியின் மேல் விழும். 650 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஒன்று, தன் அளவைத் தானே நம் தரையில் கோடு போட்டுக் காட்டிவிட்டுப் போகிறது. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

அந்த நிழல் நிற்காது, ஓடும். அதற்கு முக்கியக் காரணம் பூமியின் வேகம்தான். நாம் சூரியனைச் சுற்றி நொடிக்கு 30 கிலோமீட்டர் போய்க்கொண்டிருக்கிறோம். குவாவார் வெறும் நாலரை. நிழல் நொடிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊரைக் கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் தொலைநோக்கியில் விண்மீன் 55 நொடி காணாமல் போனால் கணக்கு எளிது: 1,100 கிலோமீட்டர்.

ஆனால் அந்த 1,100 எதன் அளவு? நிழலின் நட்டநடுவில் நீங்கள் நின்றிருந்தால் அது முழு விட்டம். ஓரத்தில் நின்றிருந்தால் வட்டத்தின் ஒரு சின்ன வெட்டு மட்டும்தான். பள்ளிக்கூட வடிவியலில் நாண் என்று படித்தோமே, அதேதான். ஆகவே ஒருவர் பார்த்தால் போதாது. நிழல் போகும் பாதைக்குக் குறுக்காக, இடம்விட்டு இடம்விட்டுப் பலர் நிற்க வேண்டும். தோசையை இணைகோடுகளாக வெட்டிய மாதிரி ஆளுக்கு ஒரு நாண் கிடைக்கும். எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் அடுக்கினால் தோசையின் வடிவம் வந்துவிடும்.

நிழல் எந்த ஊரில் விழும் என்பது முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். குவாவாரின் இடத்தையோ விண்மீனின் இடத்தையோ அந்த வேலூர் நாணயத்தின் அகலம் அளவுக்குத் தப்பாகக் கணித்துவிட்டால், நிழல் 1,000 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடும்; நீங்கள் ராத்திரி முழுக்க விழித்திருந்து கொசுக்கடி வாங்கியதுதான் மிச்சம். 2013இல் ஐரோப்பியர்கள் ஏவிய கையா விண்கலம் கோடிக்கணக்கான விண்மீன்களின் இடத்தை மிகத் துல்லியமாக அளந்து பட்டியல் போட்டுக் கொடுத்த பிறகுதான் இந்த ஊகங்கள் நம்பும்படியாயின. குவாவாரின் விஷயத்தில் இன்னொரு அதிர்ஷ்டமும் உண்டு. அது இப்போது பால்வீதியின் நெரிசலான பகுதிக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கிறது. பின்னால் விண்மீன்கள் நிறைய, மறைப்புகளும் நிறைய.

இப்படி 2011 முதல் நடந்த மறைப்புகளைச் சேர்த்துப் பார்த்ததில் குவாவாரின் விட்டம் 1,100 கிலோமீட்டரை ஒட்டி நிலைபெற்றது. நம் நிலாவின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. எடையைச் சொல்வது துணைக்கோள். வெய்வோட் சுமார் 13,000 கிலோமீட்டர் தள்ளி, பன்னிரண்டரை நாளுக்குக் கொஞ்சம் குறைவான நேரத்தில் ஒரு சுற்று வருகிறது. இவ்வளவு தூரத்தில் இவ்வளவு நாள் என்றால் இழுத்துப் பிடித்திருப்பது எவ்வளவு கனமாக இருக்க வேண்டும் என்று கணக்குப் போடலாம். நிலாவின் எடையில் ஏறக்குறைய அறுபதில் ஒரு பங்கு வந்தது.

மறைப்பு இன்னொன்றையும் சொல்லும். காற்று மண்டலம் உள்ள உலகமாக இருந்தால் விண்மீன் படிப்படியாக மங்கி மறையும். காற்று ஒளியை வளைத்துவிடுவதால் அப்படி. 1988இல் புளூட்டோவுக்குக் காற்று உண்டு என்று உறுதியானது இந்த மங்கலால்தான். குவாவாருக்குப் பின்னால் விண்மீன் கத்தியால் வெட்டியது போலச் சட்டென்று மறைகிறது. அங்கே சொல்லிக்கொள்ளும்படி காற்று இல்லை.

காவலூரில் ஒரு மினுக்கல்

வளையத்துக்குப் போவதற்கு முன் ஜவ்வாது மலைக்கு ஒரு நடை போய்வரலாம்.

1977 மார்ச் 10. யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கப்போகிறது என்று தெரிந்து பல நாட்டு வானியலாளர்கள் காத்திருந்தார்கள். வாணியம்பாடி பக்கம் காவலூரில் இருக்கும் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அந்த விண்மீனின் ஒளியைப் பதிந்துகொண்டிருந்தார்கள். யுரேனஸ் இன்னும் பக்கத்தில் வராதபோதே விண்மீன் சில நொடிகள் மங்கி மீண்டது. யுரேனஸின் புதிய துணைக்கோளாக இருக்கும் என்று கருதி ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அதே ராத்திரி இந்தியப் பெருங்கடலுக்கு மேலே ஒரு விமானத்தில் பறந்தபடி தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்த ஜேம்ஸ் எலியட் குழுவுக்கு யுரேனஸ் வருவதற்கு முன் ஐந்து மங்கல்கள் கிடைத்தன. யுரேனஸ் விலகிய பிறகு அதே இடைவெளிகளில் மறுபக்கமும் ஐந்து. இரு பக்கமும் கண்ணாடியில் பார்த்ததுபோல ஒத்துவந்தால் அது வளையம். துணைக்கோளாக இருந்தால் ஒரு பக்கம் மட்டும்தான் மறைக்கும்.

சனிக்குப் பிறகு வளையம் உண்டு என்று தெரிந்த முதல் கோள் யுரேனஸ்தான். அந்தக் கதையில் காவலூரின் பெயரும் இருக்கிறது என்பதை நம் பிள்ளைகளுக்கு ஏன் யாரும் அதிகம் சொல்வதில்லை என்று எனக்கு ஒரு குறை.

இருக்கக்கூடாத இடத்தில் வளையம்

குவாவார் கதையும் அப்படியே போனது. 2018 முதல் 2021 வரை நடந்த மறைப்புகளை நமீபியாவிலிருந்த தொலைநோக்கியும், ஆஸ்திரேலியாவில் தங்கள் சொந்தத் தொலைநோக்கிகளோடு உட்கார்ந்த ஆர்வலர்களும், விண்வெளியிலிருந்து கீயோப்ஸ் என்ற ஐரோப்பியத் தொலைநோக்கியும் பதிந்திருந்தன. கீயோப்ஸ் வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்களை ஆராயப் போனது. இந்த வேலையைக் கைமாற்றாகச் செய்து கொடுத்தது. பூமியில் காற்றால் விண்மீன் மினுக்குவது போல அங்கே மினுக்காது என்பதால் அதன் சாட்சிக்கு மதிப்பு அதிகம். எல்லாப் பதிவுகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, பெரிய மறைப்புக்கு முன்னும் பின்னும் குட்டிக் குட்டி மங்கல்கள் தெரிந்தன. அவற்றை வரைபடத்தில் குறித்தால் எல்லாம் ஒரே வட்டத்தில் விழுந்தன. பிரேசிலைச் சேர்ந்த புரூனோ மொர்காடோவும் அவருடைய பெரிய குழுவும் 2023 பிப்ரவரியில் ‘நேச்சர்’ இதழில் இதை வெளியிட்டார்கள்.

வளையம் சீராக இல்லை. சில இடங்களில் 5 கிலோமீட்டர் அகலத்தில் அடர்த்தியாகவும், சில இடங்களில் 300 கிலோமீட்டர் வரை விரிந்து மெலிந்தும் இருக்கிறது. 5 கிலோமீட்டர் என்றால் நம் கணக்குப்படி கால் நொடி மங்கல். அவ்வளவுதான் கிடைக்கும்.

சிறிய உலகங்களுக்கு வளையம் இருப்பது அதற்குள் பழகிவிட்ட செய்தி. சனிக்கும் யுரேனஸுக்கும் நடுவே சுற்றும் சாரிக்லோ, 250 கிலோமீட்டர் அகலமே உள்ள சிறுகோள். அதற்கே வளையம் உண்டு. கைப்பர் பட்டையில் முட்டை வடிவில் வேகமாகச் சுழலும் ஹௌமியாவுக்கும் உண்டு. குவாவார் வளையத்தில் எல்லாரையும் உலுக்கியது அதன் தூரம். மையத்திலிருந்து சுமார் 4,100 கிலோமீட்டர்.

இதில் என்ன தப்பு என்று புரிய, 1848இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் எதுவார் ரோஷ் போட்ட கணக்குக்குப் போக வேண்டும். ஒரு மைதானத்தில் வட்டப் பாதையில் இரண்டு பேர் அருகருகே கைகோத்து ஓடுகிறார்கள். உள்வட்டத்தில் ஓடுபவர் வேகமாக ஓட வேண்டும், வெளிவட்டத்தில் ஓடுபவர் மெதுவாக ஓட வேண்டும் என்று விதி. கோள்களைச் சுற்றுவதில் இயற்கையின் விதி அதுதான்: நெருங்கியது விரைவாகவும் விலகியது மெதுவாகவும் சுற்றும். மையத்துக்குப் பக்கத்தில் இந்த வேக வித்தியாசம் அதிகம். கை பிய்த்துக்கொண்டு போய்விடும். தள்ளிப் போகப் போக வித்தியாசம் குறையும், கை பிரியாது. கை என்பது துகள்களின் சொந்த ஈர்ப்பு. கை பிரிவதற்கும் பிரியாததற்கும் நடுவே உள்ள கோடுதான் ரோஷ் எல்லை.

எல்லைக்கு உள்ளே துகள்கள் ஒன்றுசேர முடியாது, வளையமாகவே சிதறிக் கிடக்கும். எல்லைக்கு வெளியே ஒன்றையொன்று இழுத்து, உருண்டு திரண்டு, துணைக்கோளாகிவிடும். சனியின் பெரிய வளையங்கள் உள்ளே இருக்கின்றன, நிலாக்கள் வெளியே இருக்கின்றன. விதிக்கு நல்ல உதாரணம். குவாவாருக்கு ரோஷ் எல்லை ஏறக்குறைய 1,780 கிலோமீட்டர். வளையமோ அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வெளியே. அங்கே இருக்கும் துகள்கள் சில பத்தாண்டுகளுக்குள் ஒரு குட்டி நிலாவாகத் திரண்டிருக்க வேண்டும். திரளவில்லை.

2022 ஆகஸ்ட் 9 அன்று இன்னொரு மறைப்பு. இந்த முறை மௌனா கியா மலையின் பெரிய தொலைநோக்கிகள் பார்த்தன. முதல் வளையம் உறுதியானது. கூடவே 2,500 கிலோமீட்டர் தூரத்தில் இரண்டாவதாக ஒரு மெல்லிய வளையமும் கிடைத்தது. அதுவும் ரோஷ் எல்லைக்கு வெளியேதான். ஒன்று தப்பு என்றால் கணக்கில் பிசகு எனலாம். இரண்டும் வெளியே இருந்தால்?

இரண்டு விளக்கங்கள் முன்வைக்கப்படுகின்றன. முதலாவது, தாளம். வெளி வளையத்தின் துகள்கள் சுமார் இரண்டு நாளுக்கு ஒரு சுற்று வருகின்றன. வெய்வோட் ஒரு சுற்று வருவதற்குள் அவை ஆறு சுற்று முடிக்கின்றன. அதே இடத்தை ஒட்டி இன்னொரு தாளமும் இருக்கிறது: குவாவார் தன்னைத்தானே மூன்று முறை சுழல்வதற்குள் துகள் ஒரு சுற்று வருகிறது. குவாவார் முழு உருண்டை இல்லை, சற்று நீண்டது. சுழலும்போது துகள்களுக்கு ஒரே தாளத்தில் இழுப்பு கிடைக்கும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் சின்னத் தள்ளலே போதுமே, அது போல. இந்தத் தாளமான தள்ளல்கள் துகள்களைச் சேரவிடாமல் கலைத்துக்கொண்டும், அதே சமயம் சிதறி ஓடாமல் ஒரு வரியில் நிறுத்திக்கொண்டும் இருக்கலாம்.

இரண்டாவது, குளிர். கொழுக்கட்டை மாவு உருண்டைகள் இரண்டை மோதவிட்டால் ஒட்டிக்கொள்ளும். கேரம் காய்கள் மோதினால் தெறிக்கும். ரோஷ் கணக்குப்படி துகள்கள் திரள வேண்டுமானால் மோதும்போது வேகத்தை இழந்து பக்கத்திலேயே தங்க வேண்டும். −230 டிகிரியில் பனித் துகள்கள் மாவு உருண்டை போல இல்லாமல் கேரம் காய் போலத் தெறித்துப் போனால், திரளாமலே நெடுங்காலம் சுற்றலாம். இரண்டில் எது என்று கேட்டால், குளிர் சேரவிடாமல் செய்கிறது, தாளம் ஓடவிடாமல் செய்கிறது, இரண்டும் கூட்டு என்றுதான் எனக்குப் படுகிறது. கணினி மாதிரிகளில் வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

கொஞ்சம் பனி, கொஞ்சம் பட்டம்

குவாவாரின் நிறம் செம்மை கலந்தது. 2004இல் ஜூவிட்டும் லூவும் சுபாரு தொலைநோக்கியில் அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்து, மேற்பரப்பில் படிக வடிவப் பனி இருப்பதாகக் கண்டார்கள். நம் வீட்டு ஃப்ரிட்ஜில் உறைவதும் படிகப் பனிதான், ஆனால் குவாவாரின் குளிரில் உருவாகும் பனிக்கு ஒழுங்கான படிக அமைப்பு வராது. அதற்குக் குறைந்தது −160 டிகிரியாவது சூடு வேண்டும். அப்படியே படிகமாக இருந்தாலும் விண்வெளிக் கதிர்கள் நாளடைவில் அதைச் சிதைத்துவிட வேண்டும். எனவே உள்ளிருந்து எப்போதோ வெதுவெதுப்பான எதுவோ கசிந்திருக்கலாம், அல்லது விண்கல் மோதல்கள் சுட்டிருக்கலாம் என்று வாதம் கிளம்பியது. மீத்தேனும் பிறகு தெரிந்தது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி ஈத்தேனையும் சேர்த்துக் காட்டியது. வெயிலும் கதிர்களும் மீத்தேனைப் பிணைத்துப் பிணைத்து உண்டாக்குகிற சரக்கு அது. செம்மை நிறத்துக்கும் இந்த வகைச் சமையல்தான் காரணம் என்பார்கள்.

இது குறுங்கோளா? 2006இல் சர்வதேச வானியல் ஒன்றியம் புளூட்டோவைக் கோள் பட்டியலிலிருந்து எடுத்துக் குறுங்கோள் என்று பெயர் வைத்தது. இன்றைக்கு அதிகாரபூர்வமாக ஐந்துதான்: சீரிஸ், புளூட்டோ, ஏரிஸ், ஹௌமியா, மாகேமாகே. இவற்றில் சீரிஸைவிட குவாவார் பெரியது. இருந்தும் பட்டியலில் இல்லை. பல வானியலாளர்கள் பட்டியலைப் பற்றிக் கவலைப்படாமல் இதையும் குறுங்கோள் என்றே எழுதுகிறார்கள். பட்டம் கிடைப்பதால் அங்கே ஒரு டிகிரி சூடும் கூடப்போவதில்லை.

மாடியிலிருந்து

அக்கா மகன் அன்றைக்குக் கடைசியாகக் கேட்டது: “நாமளும் பாக்கலாமா?”

குவாவாரைக் கண்ணால் பார்க்க வாய்ப்பில்லை. வெறும் கண்ணுக்குத் தெரியும் மிக மங்கலான விண்மீனைவிடப் பல்லாயிரம் மடங்கு மங்கல். ஆனால் அது மறைக்கிற விண்மீன் அவ்வளவு மங்கலாக இருக்க வேண்டும் என்று இல்லையே. நடுத்தரமான தொலைநோக்கி, வேகமாகப் படம் எடுக்கிற கேமரா, ஒவ்வொரு படத்திலும் நேரத்தைப் பொறிக்கும் ஜிபிஎஸ் கருவி ஆகியவை இருந்தால் ஆர்வலர்களும் பங்கெடுக்கலாம். நேரம் பிசகக் கூடாது. அரை நொடி தப்பினால் நாண் பத்து கிலோமீட்டர் நகர்ந்துவிடும்.

முன்னறிவிப்புப்படி நிழல் விழும் என்று சொன்ன பாதைக்கு வெளியே இருப்பவர்களையும் பார்க்கச் சொல்வார்கள். அவர்களுக்கு விண்மீன் மறையாது. பெரும்பாலும் எதுவுமே நடக்காது. ஆனாலும் எந்த ஊர், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை பார்த்தேன், மறையவில்லை என்று எழுதி அனுப்ப வேண்டும். குவாவாரின் விளிம்பு எந்த ஊரோடு முடிந்தது என்று சொல்வது அந்தக் குறிப்புதான். நடுவே எங்காவது கால் நொடி மங்கியிருந்தால் அதையும் அழிக்காமல் அனுப்ப வேண்டும்.